அந்தத் துணி யாருடையது?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் சிட்னியில் டூங்காபி பக்கம் இருக்கிறோம். என் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் நூலகத்தைப் புதுப்பிக்கிறார்கள். நான் பெற்றோர் சங்கத்தில் இருப்பதால் இருக்கைகளுக்குத் துணி தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஜன்னலோரம் ஒரு நீள பெஞ்சு, எட்டு வட்ட ஸ்டூல், இரண்டு சோபா. பூர்வகுடி ஓவியம் உள்ள துணி போடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். மரச்சாமான் கடையில் கொடுத்த சாம்பிள் புத்தகத்தில் 'பூர்வகுடிப் பாணி' என்று ஒரு புள்ளித் துணி இருக்கிறது. ஓவியர் பெயர் இல்லை. முறையாக உரிமம் பெற்ற துணியின் விலையோ கையைக் கடிக்கிறது. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் என் அண்ணன், படத்தை அனுப்பினால் பாதி விலையில் அச்சடித்துத் தருகிறேன் என்கிறார். புள்ளி வைப்பது நம் கோலத்திலும் உண்டே, இதில் என்ன தப்பு என்று வீட்டில் கேட்கிறார்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று அவர்கள் கொடியையே ஸ்டூலில் போட்டுவிடலாம் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் உட்காரும், மிதிக்கும் இடத்தில் அந்த ஓவியங்களைப் போடலாமா என்று எனக்கே ஒரு தயக்கம். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசியாக எழுதிய அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள். பள்ளிகளுக்கு உள்ளரங்க வடிவமைப்பு செய்யும் வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். அதை முதலிலேயே கேட்டவர்கள் மிகக் குறைவு. ஆரம்பத்தில் நானும் கேட்கவில்லை.

அது என் மூன்றாவது பள்ளி வேலை. துணி உரிமம் பெற்றதுதான், ஓவியர் பெயரும் இருந்தது. நடுவில் வட்டத்துக்குள் வட்டம், அதை நோக்கி நாலு பக்கமிருந்தும் கோடுகள். முக்கோண இருக்கைகளுக்கு அதை வெட்டித் தைக்கச் சொல்லி குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டேன். துணி வீணாகக் கூடாது என்று அவரும் நெருக்கி வெட்டினார். திறப்பு விழாவுக்குப் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் வந்தார். எல்லோரும் அவரை 'ஆன்ட்டி' என்றே அழைத்தார்கள். அங்கே பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று மரியாதையோடு அழைப்பது வழக்கம், நமக்கு அது அந்நியமாகவே தோன்றாது. அவர் ஓர் இருக்கையின் முன் நின்று, ஓரத்தில் அறுபட்ட வட்டத்தின் மேல் கை வைத்து, "இது அவர்களுடைய நீரூற்று. பாதியாகக் கிடக்கிறதே" என்றார். கோபப்படவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த விடுமுறையில் அந்த இருக்கைகளை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்பது இதுதான்: இது யாருடையது? எத்தனை வருடம் உழைக்கும், கறை போகுமா, விலை என்ன என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இனி உங்கள் அண்ணன் சொன்ன யோசனை. வேண்டாம். பள்ளிக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம். உதவும் எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், தெரியும். அதனால்தான் இரண்டு வழக்குகளை விவரமாகச் சொல்கிறேன், அவரிடமும் சொல்லுங்கள்.

1990களின் தொடக்கத்தில் பெர்த் நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனம், பூர்வகுடி ஓவியங்களை அப்படியே தரைவிரிப்பாக வியட்நாமில் நெய்து வரவழைத்து விற்றது. ஓவியர் எட்டுப் பேர். அவர்களில் ஐந்து பேர் அப்போது உயிரோடு இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் ஓவியர்களுக்குப் பங்கு போகிறது என்று விரிப்பில் சீட்டு மட்டும் தொங்கியது. ஓவியர்களில் ஒருவர் வடகோடி ஆர்னம் நிலத்தில் யிர்கலா என்ற ஊரைச் சேர்ந்த பி. மரிக்கா. (காலமானவர்களின் முதற்பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது அங்குள்ள வழக்கம். அதனால் முதலெழுத்தோடு நிறுத்துகிறேன்.) அவர் வரைந்தது அவருடைய குலத்தின் புனித நீர்நிலை. அதை ஊரார் காலால் மிதிக்கும்படி ஆயிற்று. இன்னொன்றையும் கவனியுங்கள். அவருக்குத் தெரியாமல் நடந்ததுதான் என்றாலும், அவர்கள் மரபுச் சட்டப்படி அந்தக் கதையைக் காக்கத் தவறிய பழி ஓவியர் மேல்தான் விழும். 1994இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஓவியர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அதில் அவர்கள் சமூகத்தில் பட்ட அவமானத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டது.

இரண்டாவது வழக்கு துணியைப் பற்றியதே. கனல்பிங்கு மக்களைச் சேர்ந்த புலுன் புலுன் வரைந்த ஒரு ஓவியம், நீர்நிலையில் வாத்துகளும் அல்லிகளும். அதை அச்சடித்த துணியை ஒரு நிறுவனம் இறக்குமதி செய்து விற்றது. வழக்கு வந்ததும் துணியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தவறை ஒப்புக்கொண்டது. 1998இல் வந்த தீர்ப்பு அதைத் தாண்டியும் ஒன்று சொன்னது: ஓவியத்தின் சட்டபூர்வ உரிமை ஓவியருடையதே என்றாலும், அதைத் தன் குலத்தின் நலனுக்கு ஏற்பக் காக்கும் கடமை அவருக்கு உண்டு. அதாவது ஓவியரின் அந்த உரிமைக்குப் பின்னால் ஒரு ஊரே நிற்கிறது.

இந்த இரண்டிலும் துணி எந்த நாட்டில் தயாரானது என்பது குற்றமே இல்லை. ஓவியரின் எழுத்துபூர்வ அனுமதி இருந்தால் கரூரில் அச்சடித்தாலும் நேர்மையான துணிதான். அனுமதி இல்லாவிட்டால் சிட்னியிலேயே அச்சடித்தாலும் திருட்டுத்தான். ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை நிற்கும், எனவே 'பழைய படம்தானே' என்பதும் பெரும்பாலும் செல்லாது.

வீட்டில் கேட்ட கோலக் கேள்வி நியாயமானது, எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுதான். ஆனால் கோலப்புள்ளி ஊர்ச்சொத்து. உங்கள் பாட்டி போட்ட சிக்குக் கோலத்தை எதிர்வீட்டுப் பெண் பார்த்துப் போட்டால் பாட்டிக்குப் பெருமைதான். அங்கே அப்படி இல்லை. ஒரு மலைக்கோ ஒரு நீரூற்றுக்கோ உரிய கதையை வரையும் உரிமை தாய்வழி, தந்தைவழி, உறவுவழி வருகிறது. ஒரே ஊரில் இன்னார் இதை வரையலாம், இன்னார் வரையக் கூடாது என்று இருக்கும். சில கதைகள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும். சில, சடங்கு முடித்தவர்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக் கூடாது.

இந்தப் புள்ளிகளுக்கும் ஒரு ஊர் உண்டு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் பாப்புன்யா என்ற இடம். 1971இல் அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜெஃப்ரி பார்டன். அவர் தூண்டுதலில் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் பயணத்தைப் பெரிதாக வரைந்தார்கள். தங்கள் கதையில் எதைக் காட்டலாம் என்று பேசி முடிவெடுத்து அவர்களே வரைந்தது. அங்கிருந்து பலகைக்கும் கேன்வாஸுக்கும் போய், உலகம் இன்று 'புள்ளி ஓவியம்' என்று அறிந்திருக்கும் மேற்குப் பாலைவனக் கலை வளர்ந்தது. காட்டக் கூடாததை மறைக்கவும் புள்ளிகள் பயன்பட்டன. அந்தப் பள்ளிச் சுவர் ஓவியத்தின் மேல் சில வருடங்களிலேயே வெள்ளை பூசிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். பள்ளிச் சுவரில் இடம் தரத் தெரியாமல் அழித்துவிட்டு, பிறகு அதே புள்ளிகளைப் பெயரில்லாமல் நாற்காலியில் ஒட்டுகிறோம்.

ஆகவே சாம்பிள் புத்தகத்துத் துணியையும் தள்ளி வையுங்கள். 'பாணி', 'தாக்கம்' என்று எழுதியிருந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: எந்தப் பூர்வகுடி மனிதருக்கும் ஒரு டாலர்கூடப் போகவில்லை. ஒரு பாணியைப் பின்பற்றுவதைக் காப்புரிமைச் சட்டம் தடுக்காது, அதனால் அப்படி விற்பது சட்டத்தின் பிடியில் எளிதாகச் சிக்காது. ஆனால் பூர்வகுடியினர் கையால் செய்தது என்று நம்பவைத்து விற்றால் சிக்கும். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூக்களையும் அப்படி விற்ற பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. இப்படிப்பட்ட நினைவுப் பொருட்களுக்கு மக்கள் செலவழிக்கும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்கே போகிறது என்று 2022இல் ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையமும் சொன்னது.

கொடி யோசனைக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஹெரால்ட் தாமஸ் 1971இல் வடிவமைத்த அந்தக் கொடியின் காப்புரிமையை 2022இல் அரசு வாங்கிவிட்டது, யாரும் பயன்படுத்தலாம். சட்டம் தடுக்காது. ஆனாலும் கொடியைக் கம்பத்தில் ஏற்றுங்கள், அதன் மேல் உட்காரவைக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

துணிக்கடைக்குப் போகும் முன் உங்கள் பள்ளி இருக்கும் நிலத்தின் மக்களிடம் போங்கள். டூங்காபி தருக் மக்களின் நிலம். ஊரின் பெயரே அங்கே வாழ்ந்த துகாகல் குலத்திலிருந்து வந்தது. பக்கத்துப் பாராமட்டா, விலாங்கு மீனோடு சேர்ந்த புராமட்டகல் குலத்தின் பெயர். மேற்குப் பாலைவனத்துப் புள்ளிகள் இந்த மண்ணின் அடையாளம் இல்லை. சிட்னியைச் சுற்றிப் பாறையில் செதுக்கிய மீன்களும் கங்காருகளும் இருக்கின்றன. தென்கிழக்கு முழுவதும் மரத்தில் செதுக்கிய கோடுகள், 'பாஸம்' (possum) என்ற மரவாழ் விலங்கின் தோலில் செய்த போர்வையின் உட்பக்கம் கீறிய வடிவங்கள் என்று வேறொரு மரபு. தொலைதூரத் துணியைப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. நிலத்துக்கு உரியவர்களைக் கேட்காமல் வேறு ஊர்க் கதையைக் கொண்டுவந்து வைப்பது, வீட்டுக்காரரைப் பார்க்காமல் கூடத்தில் படம் மாட்டுவது போல.

யாரைக் கேட்பது? உங்கள் மாநிலத்தில் ஏ.இ.சி.ஜி. என்று அழைக்கும் பூர்வகுடிக் கல்வி ஆலோசனைக் குழுவுக்கு வட்டார அளவில் கிளைகள் உண்டு. தலைமையாசிரியரை அழைத்துக்கொண்டு அவர்கள் கூட்டத்துக்குப் போங்கள். பள்ளியில் பூர்வகுடிக் குடும்பங்கள் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள், ஆனால் ஒரு தாயைப் பிடித்து 'நீங்களே முடிவு சொல்லுங்கள்' என்று பாரத்தை ஏற்றாதீர்கள். துணியை முடிவு செய்துவிட்டு ஆசி வாங்கப் போகவும் கூடாது. வெறுங்கையோடு போங்கள். பெரியவர்களின் நேரத்துக்கும் அறிவுக்கும் கட்டணம் உண்டு. நம் கணக்கில் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

பதில் தாமதமாக வரலாம். அதற்குக் காரணம் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஆளுநர் மக்குவாரி பாராமட்டாவில் தொடங்கிய பள்ளி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளி. 1823இல் அதை இன்றைய பிளாக்டவுனுக்கு மாற்றினார்கள். அந்த ஊருக்குப் பெயர் வந்த கதையும் அதுதான். பாராமட்டாவில் இருந்தபோது அந்தப் பள்ளியில் படித்த மரியா என்ற சிறுமி 1819இல் பொதுத் தேர்வில் வெள்ளைக்காரப் பிள்ளைகளையெல்லாம் தாண்டி முதல் பரிசு வாங்கினாள். இன்று தருக் குடும்பங்கள் பலவும் அந்த மரியா லாக்கின் வழி வந்தவை. பள்ளி என்ற சொல் அவர்களுக்கு எதையெல்லாம் நினைவூட்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதே வட்டாரத்தில் ஒரு பள்ளி நூலகம் அவர்களிடம் போய் மரியாதையோடு கேட்பது சின்ன விஷயம் இல்லை. நாம் வந்து குடியேறியவர்கள்தானே, நமக்கு என்ன உரிமை என்று தயங்காதீர்கள். கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு.

அவர்கள் சம்மதித்த பிறகு துணிக்கு இரண்டு வழி.

ஒன்று, கலை மையங்களில் கையால் திரை அச்சு செய்யும் துணி. வடகோடியில் பாத்தர்ஸ்ட் தீவின் 'டிவி டிசைன்ஸ்' (Tiwi Designs, டிவி என்பது அந்தத் தீவு மக்களின் பெயர்) 1969 முதல் இயங்குகிறது. மனிங்ரிடாவில் பாபரா பெண்கள் மையம், குன்பலான்யாவில் இஞ்சலாக். இவை அந்தந்த ஊர் மக்களுடைய மையங்கள், பணம் நேராக ஊருக்குப் போகிறது. துணியைக் கையில் எடுத்தால் விட மனசு வராது. ஆனால் பெரும்பாலும் பருத்தி, லினன். நூறு பிள்ளைகள் ஏறி இறங்கும் பெஞ்சுக்குத் தாங்காது. சாய்மெத்தை உறை, சுவரில் குத்துப்பலகை, சட்டம் போட்டு மாட்டும் துணி, இதற்கெல்லாம் அதுவே முதல் தேர்வு.

இன்னொன்று, ஓவியர்களிடம் உரிமம் பெற்று வணிகத் தரத்தில் இருக்கைத் துணி தயாரிக்கும் நிறுவனங்கள். மெல்போர்னின் வில்லி வெஸ்டன் அப்படி ஒன்று. எந்த நிறுவனமானாலும், ஓவியர் யார், எந்த ஊர், மீட்டருக்கு மீட்டர் அவருக்குப் பங்கு போகிறதா, இதைக் கேளுங்கள். அதைவிட முக்கியம்: இந்த ஓவியத்தின் மேல் உட்காரலாமா? வெட்டலாமா, திருப்பலாமா, நிறத்தை மாற்றலாமா? இருக்கைக்கென்றே கொடுத்த வடிவமைப்பு என்றால் ஓவியர் அதை யோசித்துத்தான் கொடுத்திருப்பார். பொறுக்கிய கிழங்குகள், மழை விழுந்த மணல், இலை, கூடைப் பின்னல், இப்படி எல்லோருக்கும் பொதுவானவற்றைப் பலர் இதற்கென்று தேர்கிறார்கள். உங்கள் தயக்கத்துக்குப் பதில் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அவர் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும். சுவரின் நீல நிறத்துக்குப் பொருந்த துணியின் நிறத்தை மாற்றித் தரச் சொல்லாதீர்கள். சுவருக்கு வேறு நிறம் அடித்துக்கொள்ளலாம்.

துணியின் உழைப்பை மார்ட்டிண்டேல் என்ற சோதனையில் அளப்பார்கள். கம்பளித் துணியை எடையோடு வைத்து, நூல் அறும்வரை சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். வீட்டுச் சோபாவுக்கு 25,000 தேய்ப்பு போதும். பள்ளிக்கு 40,000க்குக் கீழே நான் தொடுவதில்லை, தினமும் உட்காரும் பரப்புக்கு 1,00,000 கேட்பேன். தீ சோதனைக்கு ஆஸ்திரேலியத் தர எண் 1530, பகுதி 3 அறிக்கையை வாங்கி வையுங்கள். இங்கே வெயில் வடக்கிலிருந்து வரும். உங்கள் ஜன்னல் பெஞ்சு வடக்கு பார்த்ததா? அப்படியானால் நிறம் வெளுக்காத அளவு 8க்கு 6 ஆவது இருக்க வேண்டும். சன்ஸ்கிரீன் பூசிய கால்கள், பேனா மை, மதிய உணவு, எல்லாம் அந்தத் துணியில் படும். என்ன போட்டுத் துடைக்கலாம் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கி, துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள். ரெக்ஸின் மாதிரி பூச்சுத் துணியில் மலிவானதை எடுத்தால் சில கோடைகளில் உரியத் தொடங்கும், ஓவியமும் அதோடு உரியும்.

பட்ஜெட்டுக்கு என் யோசனை: ஓவியத் துணியை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். ஜன்னல் பெஞ்சின் முதுகுச் சாய்விலும் சோபா முதுகிலும் மட்டும் போடுங்கள். உட்காரும் பரப்புக்கு அதிலுள்ள ஒரு நிறத்தில் தடித்த, சாதாரண ஒற்றை நிறத் துணி. பிள்ளைகளின் ஷூ படும் கீழ்ப்பக்கத்துக்கும் அதுவே. முதலில் நைந்துபோவது உட்காரும் விளிம்புதான், அதை மலிவாக மாற்றிக்கொள்ளலாம். நீள முதுகில் ஓவியம் அறுபடாமல் முழுசாக நிற்கும். உங்கள் தயக்கமும் பாதி தீரும், பணமும் மிஞ்சும்.

வட்ட ஸ்டூல்களில் ஓவியத் துணி வேண்டவே வேண்டாம். 45 சென்டிமீட்டர் வட்டத்துக்கு மடிப்போடு 53 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். 137 சென்டிமீட்டர் அகலத் துணியில் வரிசைக்கு இரண்டு, ஆக எட்டுக்கு 2.12 மீட்டர் என்று கணக்கு வரும். ஓவியம் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருவதாக இருந்தால், ஒவ்வொரு ஸ்டூலிலும் அது சரியாக உட்கார 2.6 மீட்டர் வாங்க வேண்டும். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் நீரூற்றை அறுத்தேன். எதை வெட்டினாலும், வெட்டும் முன் துணியை மேசையில் விரித்து குஷன் வேலை செய்பவரோடு நீங்களும் நில்லுங்கள். எது வெட்டுப்படக் கூடாது என்று சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள்.

பெஞ்சின் பக்கத்தில், ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில், ஒரு சின்னப் பலகை வையுங்கள்: ஓவியர் பெயர், அவர் மொழி, ஊர், கலை மையம், இந்த ஓவியம் எதைப் பற்றியது என்று அவர் சொன்ன இரண்டு வரி. பெயர் போடுவது சட்டமும் கேட்பதுதான். ஓவியர் பிற்காலத்தில் காலமானால் பெயரை எப்படி வைத்திருப்பது என்று கலை மையத்திடம் கேட்டு மாற்றுங்கள்.

அண்ணனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் உட்கார எத்தனை சாய்மெத்தை வேண்டும் என்று எண்ணி, பின்பக்கத்துக்கு ஒற்றை நிறத்தில் நல்ல கனமான கரூர்ப் பருத்தி அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கம் கலை மையத் துணி இருக்கட்டும். ஓவியத் துணியில் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி, உரிமக் கடிதத்தோடு பள்ளி அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு முதுகு கிழிந்தால், அப்போது பெற்றோர் சங்கத்தில் இருப்பவருக்கு அது கையில் கிடைக்க வேண்டும்.